அச்சிட்டோர் பெயர் இல்லாத நோட்டீஸ்: இந்தியத் தேர்தல் ஆணையத்திற்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமைத் தேர்தல் ஆணையருக்கும் தேர்தல் ஆணையர்களுக்கும்,

வணக்கம்.

நான் தென்மாவட்டத்துச் சிறு நகரம் ஒன்றில் அச்சகம் நடத்துகிறவன். 1986-இல் அப்பாவின் டிரெடில் இயந்திரத்தில் மிதிக்கத் தொடங்கினேன். இன்று ஒரு பழைய ஆஃப்செட், ஒரு கணினி, வேலைக்கு இரண்டு பையன்கள். கல்யாணப் பத்திரிகையும் காதணி விழா அழைப்பும் கண்ணீர் அஞ்சலியும்தான் அன்றாடச் சோறு. தேர்தல் வந்தால் அதில் கொஞ்சம் நெய் விழும். எந்தக் கட்சிக்காரர் வந்தாலும் அடித்துக் கொடுப்பேன். முன்பணம் மட்டும் வாங்கிவிடுவேன், தோற்றவர் வீட்டு வாசலில் போய் நிற்க முடியாது என்பதால்.

போன மாதம் சென்னையில் ஒரு கருத்தரங்குக்குப் போயிருந்தேன். இணையம் அரசியலை எப்படி மாற்றுகிறது என்பது பொருள். அச்சடிக்கிற எனக்கு அங்கே என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம்; வாசலில் பெயர்ப்பட்டை கொடுத்த பெண்ணும் அப்படித்தான் பார்த்தார். என் தங்கை மகள் அந்தத் துறையில் ஆய்வு செய்கிறாள். "மாமா, உங்களுக்கு நடந்ததைப் பற்றித்தான் அங்கே பேசப்போகிறார்கள், கட்டாயம் வாருங்கள்" என்று டிக்கெட்டும் எடுத்து அனுப்பிவிட்டாள்.

எனக்கு நடந்தது இதுதான். 2024 ஏப்ரல் 18, தமிழ்நாட்டில் வாக்குப்பதிவுக்கு முந்தைய இரவு. பிரசாரம் முந்தைய நாள் மாலையே ஓய்ந்துவிட்டது. ஒன்பது மணி இருக்கும், ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தேன். பறக்கும் படை வண்டி வந்து நின்றது. இறங்கிய அதிகாரி தன் கைப்பேசியில் ஒரு நோட்டீஸின் படத்தைக் காட்டினார். ஒரு வேட்பாளர் தன் ஆதரவாளர்களை வேறொருவருக்கு வாக்களிக்கும்படி கேட்டுக்கொள்வதாக வாசகம். அடியில், அச்சிட்டோர் என்ற இடத்தில், என் அச்சகத்தின் பெயர்.

நான் அதை அச்சிடவில்லை. உண்மையில் அதை யாருமே அச்சிடவில்லை. தாளில் அப்படி ஒரு நோட்டீஸ் இருந்ததே இல்லை. யாரோ கணினியில் வடிவமைத்து, என்னுடைய பழைய நோட்டீஸ் ஒன்றின் அடிவரியை வெட்டி ஒட்டி, மடக்கிய தாளைப் படம் பிடித்ததுபோல் நிழலெல்லாம் போட்டு வாட்ஸ்அப்பில் விட்டிருக்கிறார்கள். பதிவேட்டை எடுத்து வைத்தேன். அந்தத் தேர்தலில் நான் அடித்த ஒவ்வொரு நோட்டீஸும், வெளியிட்டவர் கையெழுத்திட்ட உறுதிமொழியும், எண்ணிக்கையும், வாங்கிய கூலியும் அதில் இருந்தன. போலியில் இருந்த தொலைபேசி எண்ணை நான் 2011-லேயே ஒப்படைத்துவிட்டேன். பிரதிகளின் எண்ணிக்கையும் அதில் போடவில்லை. எழுத்துரு என் கணினியிலேயே இல்லாதது. பதினோரு மணிக்கு அதிகாரி கிளம்பினார். மரியாதையாகத்தான் நடந்துகொண்டார், அவர் மீது எனக்குக் குறை இல்லை. ஆனால் போகும்போது அவர் சொன்ன ஒரு வார்த்தைதான் உறுத்திக்கொண்டே இருக்கிறது: "இதில் இருக்கிற ஒரே பெயர் உங்களுடையதுதானே, நாங்கள் வேறு யாரிடம் போவது?"

ஆயிரக்கணக்கான கைப்பேசிகளில் சுற்றிய ஒரு பொய்க்கு, விசாரிக்கக் கிடைத்த ஒரே ஆள் நான். காரணம், பெயர் போட வேண்டும் என்ற சட்டத்துக்குப் பயந்து முப்பத்தெட்டு வருடம் பெயர் போட்டு வந்தவன் நான்.

கருத்தரங்குக்கு வருகிறேன். காலை அமர்வு நன்றாகவே இருந்தது. 2008-இல் ஒபாமாவுக்கு இணையம் வழியாகச் சிறுசிறு தொகையாகப் பணம் சேர்ந்த விதம், 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை இளைஞர்கள் கைப்பேசியை வைத்துக்கொண்டே படகும் உணவும் அனுப்பிய விதம், 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் தலைவர் என்று யாரும் இல்லாமல் கூட்டம் சேர்ந்த விதம் எல்லாம் படங்களுடன் வந்தன. அந்த ஜனவரியில் என் அச்சகத்துக்கு ஒரு போஸ்டர் வேலைகூட வரவில்லை. அத்தனை பெரிய போராட்டம், ஒரு ரீம் தாள் செலவாகவில்லை! எனக்கு அப்போதே புரிந்திருக்க வேண்டும்.

பிறகு ஒருவர், மறைந்த தலைவர்கள் பேசுகிற காட்சிகளைப் போட்டுக் காட்டினார். 2018-இல் மறைந்த கருணாநிதி 2024 ஜனவரியில் ஒரு நூல் வெளியீட்டு விழாவில் திரையில் தோன்றி வாழ்த்தினார். 2016-இல் மறைந்த ஜெயலலிதாவின் குரலில் அடுத்த மாதமே ஓர் உரை வந்தது. அரங்கம் சிரித்தது, பிறகு அமைதியானது. இந்த இரண்டையும் வெளியிட்டது யார் என்பது எல்லோருக்கும் தெரியும், அதனால் என்னை அவை பயமுறுத்தவில்லை. என்னைப் பயமுறுத்துவது, செயற்கை நுண்ணறிவு ஏதும் தேவைப்படாத, ஒரு பையன் இருபது நிமிடத்தில் செய்துவிடக்கூடிய, செய்தவன் பெயர் இல்லாத ஒரு படம்.

மதியம் ஒரு கட்சியின் தகவல் தொழில்நுட்ப அணியைச் சேர்ந்த தம்பி பேசினார். மேடையில் அவர் சொன்னது: "நாங்கள் எதையும் பரப்புவதில்லை, தொண்டர்கள் தாமாகப் பரப்புகிறார்கள்." கேள்வி நேரத்தில் எழுந்தேன், நேரமாகிவிட்டது என்று உட்கார வைத்துவிட்டார்கள். தேநீர் இடைவேளையில் அவரையே பிடித்துக்கொண்டேன். மேடையை விட்டு இறங்கியதும் மனிதர் வேறு ஆளாகிவிட்டார், வெளிப்படையாகப் பேசினார். வாடகைக்கு எடுத்த ஒரு மாடியில் வடிவமைப்பாளர்கள் உட்கார்ந்து 'கார்டு', அதாவது வாட்ஸ்அப்பில் அனுப்புகிற வாசகப் படம், செய்வார்களாம். அது மாவட்டக் குழுவுக்கு, அங்கிருந்து தொகுதிக்கு, ஒன்றியத்துக்கு, கடைசியில் பூத் குழுவுக்கு. எங்கள் ஊரில் பூத் கமிட்டி ஆள் கையில் வாக்காளர் பட்டியலோடு தெருத்தெருவாகப் போவதைப் பார்த்திருக்கிறேன். இப்போது அதே ஆள், அதே தெரு. பட்டியல் மட்டும் கைப்பேசிக்குள் போய்விட்டது. "கட்சி பெயர் போட்ட கார்டும் உண்டு, போடாத கார்டும் உண்டு. போடாததுதான் வேகமாகப் போகும் ஐயா" என்றார்.

எல்லா அமர்வுகளிலும் இணையம் என்றால் ட்விட்டரில் எது முந்துகிறது என்பதே பேச்சாக இருந்தது. அது ஊர் மைதானம், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். தேர்தல் நடப்பது வாட்ஸ்அப் குழு என்கிற திண்ணையில். அங்கே நடப்பதை உங்கள் பறக்கும் படையும் பார்க்க முடியாது, ஆராய்ச்சியாளர்களும் பார்க்க முடியாது. அந்தத் தம்பி தேநீர்க் கோப்பையை வைத்துக்கொண்டு சொன்னதுதான் அன்றைய ஆகச் சிறந்த உரை என்று என் மருமகளிடம் சொன்னேன்.

இனி என் வேண்டுகோள்.

1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 1961-இல் சேர்க்கப்பட்ட 127ஏ பிரிவு எங்கள் தொழிலுக்கு மனப்பாடம். தேர்தல் நோட்டீஸிலும் போஸ்டரிலும் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். வெளியிடுபவர் தான் யார் என்று உறுதிமொழி எழுதி, தன்னை நேரில் அறிந்த இருவரிடம் சான்றொப்பம் வாங்கி, இரண்டு பிரதிகள் தர வேண்டும். அச்சிட்ட பிறகு நோட்டீஸ் ஒன்றையும் உறுதிமொழிப் பிரதி ஒன்றையும் மாவட்ட ஆட்சியருக்கு நான் அனுப்ப வேண்டும். எத்தனை அடித்தேன், எவ்வளவு வாங்கினேன் என்பதையும் சேர்த்து மூன்று நாளுக்குள் அனுப்பச் சொல்வது உங்கள் உத்தரவு. தவறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஐந்நூறு பிட் நோட்டீஸுக்கு இத்தனை!

அதே பிரிவில் ஒரு விளக்கம் உண்டு. கையால் எழுதிப் படியெடுப்பதைத் தவிர, ஓர் ஆவணத்தைப் பல பிரதிகளாக்கும் எந்த முறையும் அச்சிடுவதாகவே கருதப்படும் என்கிறது அது. சைக்ளோஸ்டைல் காலத்தை மனதில் வைத்து எழுதியிருப்பார்கள். ஆனாலும் படித்துப் பாருங்கள். ஒரு கார்டு மாவட்டத்திலிருந்து பூத் வரை பிரதி பிரதியாகப் போகிறதே, அது எந்த முறை? நான் வழக்கறிஞன் இல்லை. கணினித் திரையில் இருப்பது ஆவணமா, அச்சா என்று நீதிமன்றத்தில் வாதிடலாம்தான். நாடாளுமன்றம் திருத்தும் வரை காத்திருக்காமல் இந்த வரியின் பொருள் என்ன என்று நீங்கள் ஒரு விளக்கம் வெளியிட முடியாதா?

நீங்கள் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2013 அக்டோபரிலேயே வேட்பாளர்கள் தங்கள் சமூக வலைத்தளக் கணக்குகளைத் தெரிவிக்க வேண்டும், இணைய விளம்பரத்துக்கு முன்சான்று வாங்க வேண்டும், இணைய நிறுவனங்களுக்குக் கொடுத்த பணம் மட்டுமல்லாமல் அதில் வேலை செய்பவர்களின் சம்பளத்தையும் கணக்கில் காட்ட வேண்டும் என்று உத்தரவிட்டீர்கள். 2024 மே மாதம், போலி என்று தெரியவந்ததை மூன்று மணி நேரத்தில் நீக்கும்படி கட்சிகளுக்குச் சொன்னீர்கள். 2025 அக்டோபரில் பீகார் தேர்தலை ஒட்டி, செயற்கை நுண்ணறிவால் செய்த படம் என்றால் திரையில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையாத அடையாளமும், உருவாக்கியவர் பெயரும் இருக்க வேண்டும் என்றீர்கள். அதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி. எங்கள் 'அச்சிட்டோர்' வரி மறுபிறவி எடுத்துவிட்டது என்று நினைத்தேன்.

ஆனால் இரண்டு இடத்தில் இடிக்கிறது. ஒன்று, அந்த வரி செயற்கை நுண்ணறிவுக்கு மட்டும்தானாம். என் பெயரைத் திருடிய நோட்டீஸ் சாதாரண வடிவமைப்பு மென்பொருளில் செய்தது. அதற்கு அந்த விதி பொருந்தாது. இன்னொன்று, அப்படிச் செய்த படங்களின் பதிவுகளைக் கட்சிகளே தம்மிடம் வைத்துக்கொள்ள வேண்டும் என்கிறீர்கள். நான் என் பதிவேட்டை என்னிடம் மட்டும் வைத்துக்கொண்டால் போதுமா? ஆட்சியரிடம் கொடுத்தாக வேண்டும் அல்லவா? ஐந்நூறு நோட்டீஸ்காரனுக்கு ஒரு நம்பிக்கை, ஐந்து லட்சம் கைப்பேசிக்கு அனுப்புகிறவருக்கு வேறு நம்பிக்கையா?

கட்சியோ வேட்பாளரோ அவர்கள் கூலி கொடுத்த நிறுவனமோ செய்கிற ஒவ்வொரு கார்டிலும் காணொளியிலும் ஒலித்துணுக்கிலும் உருவாக்கியவர், வெளியிட்டவர் பெயர் இருக்கட்டும். மூன்று நாளுக்குள் ஒரு பிரதி உங்களிடம் வரட்டும். வந்ததை அலமாரியில் பூட்டாமல் எவரும் தேடிப் பார்க்கும்படி வையுங்கள். ஒரு படம் என் கைப்பேசிக்கு வந்தால், அது பதிவான படமா, அநாதைப் படமா என்று நானே பார்த்துக்கொள்வேன். ஃபேஸ்புக்கிலும் கூகுளிலும் அரசியல் விளம்பரத்துக்குப் பணம் கட்டியவர் பெயரை 2019 முதல் பார்க்க முடிகிறது. கம்பெனிக்காரர்கள் செய்வதை அரசியலமைப்பு தந்த ஆணையம் செய்ய முடியாதா? வாட்ஸ்அப் குழுவில் போவதற்கு விளம்பரக் கட்டணம் கிடையாது, அதனால் அந்தப் பட்டியலிலும் அது வராது. சம்பளக் கணக்கில்தான் வரும். சட்டமன்ற வேட்பாளருக்கு நாற்பது லட்சம் ரூபாய் உச்சவரம்பு வைத்திருக்கிறீர்கள். கட்சிக்கு உச்சவரம்பே இல்லை. மாடியில் உட்கார்ந்து கார்டு செய்கிறவர் யார் கணக்கில் சாப்பிடுகிறார் என்று எப்போதாவது கேட்டதுண்டா?

ஒன்றை மட்டும் செய்துவிடாதீர்கள். பெயர் கேட்கிறேன் என்பதற்காகச் சாதாரண ஆளின் சட்டையைப் பிடித்துவிடாதீர்கள். 2012-இல் புதுச்சேரியில் ஒரு தொழில்முனைவோர் ட்விட்டரில் எழுதிய வரிகளுக்காகக் கைதானார். அதற்குப் பயன்பட்ட தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்று ஆக்க வேண்டியிருந்தது. டீக்கடையில் கிண்டல் பேசுகிறவன் பெயர் எழுதிக் கொடுத்துவிட்டா பேசுகிறான்? 127ஏ பிரிவும் கையால் எழுதியதை விட்டுத்தான் வைத்திருக்கிறது. அதுபோல, செய்தியை முதலில் அனுப்பியவரைக் கண்டுபிடித்துத் தர வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்ப விதிகள் வாட்ஸ்அப் போன்ற நிறுவனங்களைக் கேட்பதையும் நான் கேட்கவில்லை. ஒரு மொட்டைக் கடிதத்துக்காக ஊரில் உள்ள அத்தனை உறைகளையும் பிரிக்கச் சொல்வது அது. நான் கேட்பது அச்சாகிற இடத்தில், மாடியில், சம்பளம் கொடுக்கிற கையில்.

கருத்தரங்கில் ஒரு பேராசிரியர், இப்படிச் செய்தாலும் பெயரில்லாத படங்கள் வந்துகொண்டுதான் இருக்கும் என்றார். வரும். எங்கள் காலத்திலும் திருட்டு நோட்டீஸ் வந்தது. விடியற்காலையில் வாசலில் கிடக்கும். எடுத்துப் பார்த்து, அடியில் பெயர் இல்லை என்றால் "மொட்டை நோட்டீஸ்" என்று பால்காரரே கசக்கிப் போட்டுவிடுவார். அந்தப் பார்வை ஒரு வரியால் வந்தது. இன்று எல்லாப் படமும் மொட்டையாக இருப்பதால் எது மொட்டை என்று தெரியவில்லை.

அந்தப் போலி நோட்டீஸை என் செலவில் தாளில் எடுத்து 2024 பதிவேட்டில் ஒட்டி வைத்திருக்கிறேன். வரிசை எண் போட்டாயிற்று. அச்சிட்டோர் என்ற கட்டத்தில் 'நாங்கள் அல்ல' என்று எழுதியிருக்கிறேன். வெளியிட்டோர் கட்டம் காலியாக இருக்கிறது.

இப்படிக்கு,
ஓர் அச்சக உரிமையாளர்