விசையை இழுத்தவர் மட்டும்தான் சுட்டவரா?

ஆசிரியர் அவர்களுக்கு,

போரில் பெரும்பாலான சிப்பாய்கள் சுடுவதே இல்லை என்று தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். இரண்டாம் உலகப் போரில் நூற்றுக்கு 15 முதல் 25 பேர்தான் சுட்டார்கள் என்று அமெரிக்க ராணுவ வரலாற்றாளர் எஸ்.எல்.ஏ. மார்ஷல் 1947இல் எழுதியதைக் கட்டுரையாளர் வேதவாக்காக எடுத்துக்கொண்டிருக்கிறார். அந்தக் கணக்குக்கு முறையான ஆதாரம் அகப்படவில்லை என்று 1988இல் இன்னொரு ராணுவ வரலாற்றாளர் ரோஜர் ஸ்பில்லர் எழுதியதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

கணக்கு கிடக்கட்டும். சுட்டவர் என்று யாரை எண்ணுவது? நான் பீரங்கிப் படையில் இருந்தவன். தொலைவில் ஒரு மேட்டில் படுத்திருக்கும் அதிகாரி இலக்கை வயர்லெஸ்ஸில் சொல்வார். பீரங்கியடியில் ஒருவர் குறிநோக்கியில் கோணம் வைப்பார். ஒருவர் குண்டை வெடிக்கவைக்கும் ஃபியூஸைப் பொருத்துவார். இன்னொருவர் குண்டை உந்தித் தள்ளும் வெடிமருந்துப் பையைக் கூட்டியோ குறைத்தோ தருவார், வேறொருவர் குண்டைக் குழலுக்குள் தள்ளுவார். கடைசியில் விசையை இழுப்பவர் ஒரே ஒருவர். எதிரியின் முகத்தை அவரும் பார்ப்பதில்லை. 1999இல் கார்கிலில் போஃபர்ஸ் பீரங்கிகள் முழங்கியபோது சுட்டது யார்? அந்த ஒற்றைக் கை மட்டுமா?

காலாட்படையிலும் இதே கதைதான். இயந்திரத் துப்பாக்கிக்கு ரவை ஊட்டுகிறவர் தன் துப்பாக்கியைத் தொட்டிருக்கவே மாட்டார். பதுங்கித் தாக்கும்போது உத்தரவு வரும்வரை சுடாமல் கிடப்பதுதான் கடமை. அவசரப்பட்டு ஒருவன் சுட்டால் குழுவே காலி. அவனை வீரன் என்றும் அடங்கிக் கிடந்தவனைக் கோழை என்றும் எழுதுவீர்களா? அமெரிக்கர்களே 2005இல் கொண்டுவந்த போர்ச் செயல் சின்னத்துக்கு (Combat Action Badge), எதிரியின் தாக்குதலுக்கு நேரடியாக ஆளாகியிருந்தாலும் தகுதி உண்டு என்றுதான் விதி வைத்திருக்கிறார்கள்.

வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிய எங்கள் கம்மவான்பேட்டையிலேயே, விடுப்பில் வருகிறவனைப் பொடியன்கள் சூழ்ந்துகொண்டு, "எத்தனை பேரைச் சுட்டீங்க மாமா?" என்றுதான் கேட்பார்கள். பிள்ளைகள் கேட்கலாம், பத்திரிகையும் அப்படியே கேட்டால் எப்படி? கண்ணிவெடி அகற்றிய சாப்பரும், குண்டுமழைக்கு நடுவே அறுந்த கம்பியை ஒட்டிய சிக்னல்காரரும், ரவை ஏற்றிய லாரியை மலைப்பாதையில் ஓட்டியவரும் வேலூர் மாவட்டத்தில் எத்தனையோ பேர் ஓய்வூதியம் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். அடுத்த கட்டுரைக்கு முன் அவர்களில் சிலரையாவது பார்த்துப் பேசும்படி கட்டுரையாளரிடம் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர்,
கம்மவான்பேட்டை, வேலூர் மாவட்டம்.