நம்ம மந்தவெளி பார்க்

மச்சான்,

எப்படிடா கீற, தங்கச்சி பசங்க எல்லாம் நல்லாகீறாங்களா? ஊர்ல பார்க் எப்படி கீதுன்னு கேட்டல்ல, போன்ல சொன்னா முடியாது, அதான் எழுதறேன்.

பார்க் இருக்கறது நம்ம மந்தவெளிலதான். காலைல ஊர் மாட்டையெல்லாம் ஓட்டிகினு வந்து நிறுத்துவாங்களே, அதே எடம். விஏஓ ஆபிஸ்ல நிலக்கணக்கு எழுதி வெச்சிருக்கற அ பதிவேட்ட பாத்தேன், இன்னும் மந்தைவெளி புறம்போக்குன்னுதான் கீது. மேய்ச்சல் நிலம், களம், மாட்டுமந்த, வண்டிப்பேட்ட, தோப்பு இந்த புறம்போக்கெல்லாம் 1994 பஞ்சாயத்து சட்டப்படி ஊராட்சி பொறுப்புலதான் வரும், அதனால எந்த ஸ்கீம் வந்தாலும் மொதல்ல அங்கதான் அளவு டேப்ப போடறாங்க. 2006-ல அண்ணா மறுமலர்ச்சி திட்டம் வந்தப்போ விளையாட்டு மைதானம்னு வாலிபால் கம்பம் நட்டாங்க. அப்புறம் 2016-ல 500 கிராமத்துக்கு அம்மா பூங்காவும் ஜிம்மும்னு அறிவிச்சாங்கல்ல, அதுலதான் நம்மூருக்கும் நடைபாத, ஊஞ்சல், சறுக்குமரம் எல்லாம் வந்துது. நல்லாதான்டா கீது, சாயந்திரமானா சக்கர வியாதிக்காரங்க எல்லாம் சுத்தி சுத்தி நடக்கறாங்க, கழனி வேல முடிஞ்சி வர்ற பொம்பளைங்க பெஞ்சுல உக்காந்து மனசு விட்டு பேசறாங்க, இதுக்கு முன்னாடி அவங்களுக்குன்னு அப்படி ஒரு எடம் எங்கடா இருந்துது?

ஆனா இப்ப மேற்கால பக்கமும் சேத்து காம்பவுண்டு கட்டணும்னு பேச்சு அடிபடுது. அந்தாண்டதானடா நம்ம மகாபாரத கூத்து திருவிழா, அந்த பாரதம் நடக்கும்! மதியம் பிரசங்கம், ராத்திரி விடிய விடிய கூத்து, அர்ச்சுனன் தபசு மரம் ஏறி மேலேர்ந்து எலுமிச்சம்பழம் போடறப்போ கொழந்த இல்லாத பொம்பளைங்க கீழ முந்தானை ஏந்திகினு நிப்பாங்களே, கடைசி நாள் படுகளத்துல அவ்ளோ பெரிய மண்ணு துரியோதனன் படுத்துகினு இருப்பான், பீமன் தொடையில அடிச்சதும் திரௌபதி கூந்தல முடியறப்போ மொத்த சனமும் அழுவும், சாயந்திரம் தீமிதி. செவுரு வந்துட்டா அந்த மண்ணு பொம்மைய எங்க படுக்க வைக்கறது? ரோட்டுலயா? பார்க்கு வேணான்னு நான் சொல்லவேயில்ல, நம்ம தாத்தா காலத்துல மாட்டுக்கும் கூத்துக்கும் ஒரே எடம்தான் இருந்துது, யாரும் வேலி போடல, அந்த மாதிரி மேற்கால பக்கத்த மட்டும் தெறந்து வுட்டா போதும்.

அக்டோபர் 2 கிராம சபைல இத தீர்மானமா போடணும்னு கேக்கப்போறேன். உங்க நைனாதான வருஷா வருஷம் துரியோதனனுக்கு மண்ணு மிதிச்சி மொகம் வெச்சாரு, அவரு புள்ள எழுந்து பேசினா ஊர் கேக்கும்டா. லீவு நாள்தான, மொத நாள் ராத்திரியே காட்பாடி எறங்கிடு, நான் வண்டி எடுத்துகினு வரேன், மனுவ வூட்ல உக்காந்து ரெண்டு பேரும் எழுதிடலாம். நைனா செஞ்ச பொம்ம போட்டோ ஒண்ணு உங்கூட்ல இருந்துதே, அத மறக்காம எடுத்துகினு வா.