மூடி எங்கே இருக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீடு கட்டுவது, பராமரிப்பது பற்றி உங்கள் இதழில் வருவதை விடாமல் படிப்பவன் நான். சமையலறை மேடை, ஜன்னல், பெயின்ட் என்று எல்லாவற்றையும் அலசுகிறீர்கள். செப்டிக் டேங்க் மட்டும் கண்ணில் படவே இல்லை. குறையாகச் சொல்லவில்லை. வீட்டுக்காரர்களே அதை நினைப்பது, கழிப்பறையில் தண்ணீர் இறங்காமல் மேலே ஏறி வருகிற அன்றைக்குத்தான். அந்த அவசரத்தில்தான் ஆபத்தான முடிவுகளையும் எடுக்கிறார்கள். அதனால் எழுதுகிறேன்.

'கட்டின நாளிலிருந்து எங்கள் டேங்க் நிறையவே இல்லை' என்று பெருமையாகச் சொல்பவர்கள் உண்டு. ஒழுங்கான டேங்க் என்றால், பயன்படுத்தத் தொடங்கிய கொஞ்ச காலத்திலேயே வெளியேறும் குழாய் மட்டம் வரை நிரம்பிவிட வேண்டும். அப்புறம் எப்போதும் அதே மட்டம்தான். உள்ளே ஒரு வாளி வந்தால் மறுபக்கம் ஒரு வாளி வெளியேறும். கனமானது அடியில் கசடாகப் படிகிறது. எண்ணெய்ப் பசையும் மிதப்பதும் மேலே ஏடு கட்டுகிறது. நடுவில் தெளிந்திருக்கும் நீர் மட்டும், அதை மண்ணுக்குள் இறக்கிவிடும் உறிஞ்சுகுழிக்குப் போக வேண்டும். கசடில் ஒரு பகுதியை பாக்டீரியா தின்று தீர்த்துவிடும். மிச்சம் சேர்ந்துகொண்டேதான் போகும். பல வருடமாகியும் சேரவில்லை என்றால், டேங்க் கீழே ஒழுகுகிறது, அல்லது கசடு உறிஞ்சுகுழிக்குள் போய் மண்ணை அடைத்துக்கொண்டிருக்கிறது. அடைத்துப்போன உறிஞ்சுகுழியைச் சரிசெய்ய ஆகும் செலவுக்குப் பல முறை டேங்கைக் காலி செய்துவிடலாம்.

டேங்கைக் காலி செய்யவே வேண்டாம் என்ற இந்த நம்பிக்கை புதிதல்ல. 1881-ல் இப்படிப்பட்ட தொட்டிக்குக் காப்புரிமை வாங்கிய பிரான்ஸ்காரர் ழான் லூயி மூரா காலத்திலேயே, இது எல்லாவற்றையும் தானே கரைத்துவிடும் என்றுதான் கொண்டாடினார்கள்.

எப்போது காலி செய்வது? பொதுவாக 3 முதல் 5 வருடத்துக்கு ஒரு முறை என்பார்கள். ஆட்கள் அதிகம், டேங்க் சின்னது என்றால் இன்னும் சீக்கிரம். கணக்கைவிட அளந்து பார்ப்பது மேல். நீளமான கம்பின் கீழ்ப்பாதியில் வெள்ளைத் துணியை இறுக்கிச் சுற்றி, நேராக அடி வரை இறக்கி, சில நிமிடம் அசைக்காமல் பிடித்து, மெதுவாக மேலே எடுக்க வேண்டும். கசடு நின்ற உயரம் வரை துணியில் கறுப்பாக ஒட்டியிருக்கும். அதற்கு மேல் வெறும் ஈரம்தான். கசடும் மேல் ஏடும் சேர்ந்து டேங்க் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தொட்டால் கசடு உறிஞ்சும் லாரிக்குச் சொல்லிவிடலாம். அளக்கும்போது துணைக்கு ஒருவர் இருக்கட்டும். மூடிக்கு நேராக முகத்தைக் கொண்டுபோகக் கூடாது. பக்கத்தில் நெருப்பு, சிகரெட் எதுவும் கூடாது.

இதற்கெல்லாம் மூடி திறக்க வேண்டுமே! பல வீடுகளில் அதன் மேல் டைல்ஸ் ஒட்டிவிடுகிறார்கள். கார் நிறுத்தத் தளம் போடுகிறார்கள், படிக்கட்டுகூடக் கட்டுகிறார்கள். அழகு கெடுகிறதாம். அப்புறம் யார் அளப்பது? இரண்டு அறை டேங்க் என்றால் இரண்டு மூடி வேண்டும், காலி செய்யும்போது இரண்டையும் உறிஞ்ச வேண்டும். முதல் அறையோடு ஹோஸைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினால் வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. வெளியேறும் குழாயில் இருக்கும் 'டி' (T) வடிவ இணைப்பு உடையாமல் இருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடலாம். மேல் ஏடு வெளியே போகாமல் தடுப்பது அதுதான்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதுதான். வருடக்கணக்கில் விட்ட கசடு அடியில் களிமண்ணாக இறுகிவிடும், ஹோஸுக்கு வராது. தண்ணீரைப் பீய்ச்சிக் கலக்கி, மறுபடி உறிஞ்ச வேண்டும். நேரம் பிடிக்கும். அந்த நேரத்தில்தான் யாராவது, 'ஒரு ஆள் இறங்கினா முடிஞ்சிடும்' என்பார்கள். இறங்கவே கூடாது. காலியாகத் தெரிந்தாலும் கூடாது. உள்ளே ஹைட்ரஜன் சல்பைடு இருக்கும், மீத்தேன் இருக்கும், பிராணவாயு குறைந்திருக்கும். ஹைட்ரஜன் சல்பைடு கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு அளவுக்கு ஏறினால் மூக்கு மரத்து, நாற்றமே தெரியாமல் போய்விடும். இன்னும் ஏறினால் ஓரிரு மூச்சில் ஆள் சரிந்துவிடுவார். அவரைத் தூக்கப் பதறிக் குதிப்பவரும் அப்படியே. முகத்தில் கட்டும் துணி இந்த வாயுவைத் தடுக்காது. தீக்குச்சி கொளுத்திப் போட்டுப் பார்ப்பது சோதனையும் அல்ல. மீத்தேன் இருந்தால் வெடிக்கும். யாராவது உள்ளே விழுந்துவிட்டால் தீயணைப்புத் துறையைத்தான் கூப்பிட வேண்டும். கூலிக்கு இறங்க ஒருவர் சம்மதித்தாலும் வேண்டாம் என்று சொல்ல வேண்டியவர் வீட்டுக்காரர்தான்.

மற்றவை எளிய விஷயங்கள். நேப்கின், டயப்பர், ஈர டிஷ்யூ, சமையல் எண்ணெய் எதுவும் உள்ளே போகக் கூடாது. ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் தாராளமாகக் கொட்டினால் வேலை செய்கிற பாக்டீரியா செத்துவிடும். அதை ஈடுகட்ட என்று விற்கிற பொடிகள் தேவையில்லை, அவை கசடெடுப்பதைத் தவிர்க்கவும் செய்யாது. மழைநீர்க் குழாயை டேங்கில் இணைக்கக் கூடாது. நிலத்தடி நீர் மேலே இருக்கிற மழைக்காலத்தில் முழுக்கக் காலி செய்தால், பிளாஸ்டிக் தொட்டி மண்ணைத் தள்ளிக்கொண்டு மேலே மிதந்து வந்துவிடும். சரி, மழைக்கு முன்பே முடித்துக்கொள்ளலாம்.

அடுத்த முறை வீட்டு வரைபடம் போடும்போது டேங்கின் குறுக்குவெட்டுப் படத்தையும் ஒரு ஓரமாகப் போடுங்கள். இரண்டு மூடிகள், காற்றுக் குழாய், லாரி ஹோஸ் எட்டுகிற தூரம் எல்லாம் அதில் தெரியட்டும். வீடு கட்டுகிறவர்கள் அதை வெட்டி மேஸ்திரி கையில் கொடுப்பார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்