ஆனி மாதத்தில் கோழிகள் முட்டையிடாதது ஏன்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குளிர் தாங்காமல்தான் கோழிகள் முட்டையிடுவதை நிறுத்துகின்றன என்றும், கூட்டுக்குள் இரவு முழுவதும் சூட்டு விளக்கு எரிய வேண்டும் என்றும் சென்ற இதழில் ஒரு கட்டுரை கூறியிருந்தது. தென்னாப்பிரிக்காவில் ஜொகன்னஸ்பர்க்கை அடுத்த லெனேசியாவில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கொல்லையில் கோழி வளர்த்து வருபவன் என்ற முறையில் இதை நான் மறுக்க வேண்டியிருக்கிறது.

முட்டை நிற்பதற்கு முதற்காரணம் பகல் குறைவதே. ஜொகன்னஸ்பர்க்கில் டிசம்பரில் ஏறக்குறைய 13 மணி 45 நிமிடம் நீளும் பகல், இங்கே குளிர்காலமான ஆனியில், ஜூன் 21-ஐ ஒட்டிப் பத்தரை மணி நேரமாகச் சுருங்கிவிடுகிறது. கோழியின் மண்டையோட்டையும் ஊடுருவி மூளையை எட்டும் வெளிச்சம்தான் சினைப்பையைத் தூண்டுகிறது. தொடர்ந்து முட்டையிட அதற்கு நாளொன்றுக்கு 14 முதல் 16 மணி நேர வெளிச்சம் வேண்டும். தமிழ்நாட்டில் ஆனி, ஆடி நீண்ட பகலுள்ள மாதங்கள் என்பதால், அங்கிருந்து வரும் உறவினர்களுக்கு இதை விளக்குவது எனக்கு எப்போதுமே சிரமமாக இருக்கிறது.

இதே காலத்தில் வயது வந்த கோழிகள் இறகும் உதிர்க்கின்றன. சென்ற ஆண்டு என் பொட்ச்செஃப்ஸ்ட்ரூம் கூக்கூக் என்ற தென்னாப்பிரிக்க இனக் கோழி ஒன்றைத் தூக்கியபோது, கழுத்தெங்கும் நீல நிறத்தில் முளைத்திருந்த ஊசி இறகுகள் விரலில் பட்டதும் அது வலியால் துடித்தது. சிவந்திருந்த கொண்டையும் வெளிறிச் சுருங்கிப் போயிருந்தது. இறகு பெரும்பாலும் புரதத்தால் ஆனது என்பதால், தீவனத்தில் உள்ள புரதம் முட்டைக்குப் போகாமல் இறகுக்கே போய்விடுகிறது. இந்த இரண்டு மூன்று மாதங்களுக்குச் சூரியகாந்திப் பிண்ணாக்கைச் சற்றுக் கூட்டிக் கொடுக்கலாம். வெறும் மக்காச்சோளத்தை மட்டும் போட்டு வளர்ப்பவர்களின் கோழிகள் மீண்டும் முட்டைக்கு வர வெகுநாள் ஆகிறது.

சூட்டு விளக்கைப் பற்றி அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். கடைக்காரர் ஒருவரின் பேச்சை நம்பி நானும் ஒருமுறை அதை மாட்டினேன். நள்ளிரவில் கம்பி நழுவி விளக்கு வைக்கோலில் விழுந்து புகையத் தொடங்கியது, நாய் குரைத்ததால்தான் கோழிகள் பிழைத்தன. உடல் வெப்பம் 41 டிகிரியாக உள்ள கோழி, இறகை உப்பிக்கொண்டு ஹைவெல்ட் எனப்படும் எங்கள் மேட்டுநிலத்தின் உறைபனியை எளிதில் தாங்கிவிடும். கூடு காற்றோட்டத்தோடு ஈரமில்லாமல் இருப்பதும், காலையில் தண்ணீர்ப் பாத்திரத்தில் படிந்திருக்கும் பனிக்கட்டியை உடைத்துவிடுவதும் அதற்குப் போதும்.

முட்டை வேண்டுமென்பவர்கள், விடியலுக்கு முன் மூன்று நான்கு மணி நேரம் சிறு பல்பு ஒன்று தானாக எரியும்படி அமைத்துக்கொள்ளலாம். மாலையில் எரியவிட்டு அணைத்தால், கோழிகள் திடீர் இருட்டில் உட்கார இடம் தேடித் தடுமாறும். மின்வெட்டால் இந்த ஒழுங்கு அடிக்கடி குலைந்தால் வெளிச்சம் கொடுக்காமலே விடுவது நல்லது. நான் விடுவதுண்டு; பகல் நீள நீள, ஆவணியில் அவை தாமாகவே கொக்கரித்துக்கொண்டு முட்டைப் பெட்டியில் ஏறிவிடுகின்றன.

ஆடியில் அம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாள்களில், முட்டையிடாத கோழிதானே என்று இரண்டு வயதுகூட நிரம்பாத கோழிகளை அறுத்துவிடும் வீடுகள் எங்கள் பகுதியில் பல உண்டு. அவர்கள் கையில் கிடைக்கும்படி, அடுத்த இதழிலேயே இத்திருத்தத்தை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
லெனேசியா, தென்னாப்பிரிக்கா