தேக்கும் ஒரு போரும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மாஞ்சோலைத் தேயிலையால் நாம் அறிந்த பாம்பே பர்மா நிறுவனம், 1863-இல் தொடங்கிப் பர்மாத் தேக்கில் வளர்ந்தது. பச்சைத் தேக்கு தண்ணீரில் மூழ்கிவிடும். அதனால் அந்நாளில் அடிமரத்தைச் சுற்றிப் பட்டையையும் வெளிர்நிற வெளிக்கட்டையையும் உள்ளிருக்கும் வைரம் (கெட்டியான நடுக்கட்டை) தெரியும்வரை வெட்டி, இரண்டு மூன்று ஆண்டுகள் நின்றபடியே காயவிடுவார்கள். ஒரு விரற்கடை விடுபட்டாலும் நீர் ஏறும், மரம் பட்டுப்போகாது. காய்ந்ததை வீழ்த்தியபின் யானைகள் ஓடைக்கு இழுத்துவரும்; மழை வெள்ளத்தில் அது மிதந்து போகும். மழை பொய்த்தால் கட்டைகள் அங்கேயே கிடக்கும்.

கட்டைக் கணக்கைக் குறைத்துக் காட்டியதாக அந்த நிறுவனத்துக்கு 1885-இல் பர்மாவின் திபா மன்னரின் அரசு சுமார் 23 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. பிரெஞ்சுச் செல்வாக்கை அஞ்சியிருந்த ஆங்கிலேயருக்கு அதுவே போர் தொடுக்கச் சாக்கானது. நவம்பர் 28-இல் மன்னரின் தலைநகர் மாண்டலே வீழ்ந்தது. பாடநூல்கள் இந்தத் தேக்குக் கணக்கையும் சொல்ல வேண்டும்.

- வாசகர்