தவணை நிறைவும் ஆறாம் ஆண்டு மாணவர்களின் நடைப்பயணமும்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

இத்தவணை நல்லபடியாக நிறைவடைகிறது. விளையாட்டு, திருக்குறள் மனனம், அறிவியல் புதிர் என எல்லாவற்றிலும் பிள்ளைகள் சிறப்பாகவே செய்தார்கள். துணைநின்ற ஆசிரியர்களுக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கும் நன்றி.

அடுத்து, பினாங்கு தேசியப் பூங்காப் பயணம். ஒப்புதல் படிவங்களோடு வந்த கேள்விகளைப் பார்த்தால், பத்து பெரிங்கி கடற்கரைக்குப் போய் வருவதுபோலப் பலர் நினைத்திருப்பது தெரிகிறது. ஆனால் இது, பூங்காவின் தெலுக் பஹாங் நுழைவாயிலிலிருந்து பந்தாய் கெராச்சுட் கடற்கரை வரை ஏறக்குறைய 3.4 கிலோமீட்டர், குன்றேறி இறங்கும் காட்டுப் பாதை. பிள்ளைகள் நடக்க இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

மழை பெய்தால் மர வேர்களும் படிகளும் வழுக்கும். சிலிப்பரின் வார் பெரும்பாலும் இறக்கத்தில்தான் அறும். அடி தேய்ந்த பள்ளிக் காலணியும் ஆகாது. அடியில் நல்ல வரிப்பள்ளம் உள்ள, போட்டுப் பழகிய காலணியே வேண்டும். புதிதாக வாங்கிப் போட்டால் பாதி வழியிலேயே கொப்புளம் வரும்.

தண்ணீர் ஒருவருக்கு 1.5 லிட்டர். வழியில் கடை கிடையாது. போகும்போது யாரும் தவிப்பதில்லை. திரும்பும்போது உச்சி வெயிலில், களைத்த கால்களோடு மறுபடியும் குன்றேற வேண்டும். ஆகவே கடற்கரையை அடையும்போது பாதித் தண்ணீர் மிச்சமிருக்க வேண்டும். "முடியாவிட்டால் படகில் ஏற்றிவிடுங்கள்" என்கிறார்கள் சிலர். அலை அதிகமென்றால் படகு கரைக்கு வராது. அதை நம்பித் திட்டமிட முடியாது.

நாசி லெமாக்கைப் பிளாஸ்டிக் பையில் கட்டிக் கையில் கொடுக்காதீர்கள், குரங்குகள் பறித்துவிடும். முதுகுப்பைக்குள் வைத்து ஜிப்பை மூடி அனுப்புங்கள். ஜெல்லிமீன் தொல்லை இருப்பதால் கடலில் இறங்க அனுமதி இல்லை. நீச்சல் உடை தேவையில்லை. பார்க்க வேண்டியவை ஆமைப் பாதுகாப்பு மையமும், மேலே நன்னீரும் கீழே கடல்நீருமாகக் கலக்காமல் நிற்கும் ஏரியும். (வறண்ட காலமானால் ஏரியில் சேறுதான் இருக்கும்.)

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியுள்ளது. ஆஸ்துமா, வலிப்பு, ஒவ்வாமை பற்றிய பகுதியைச் சிலர் காலியாக விட்டிருக்கிறீர்கள். பிள்ளையை விட்டுவிட்டுப் போய்விடுவார்களோ என்ற அச்சம் புரிகிறது. ஆனால் காட்டு நடுவே மூச்சுத் திணறினால், இன்ஹேலர் எந்தப் பையில் இருக்கிறது என்று ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அப்பகுதியை நிரப்பாத படிவம் ஏற்கப்படாது. சிலிப்பரோடு வரும் பிள்ளை பேருந்தில் ஏற முடியாது.

மருந்தின் பெயர், அளவு வரை எழுதி அனுப்பிய பெற்றோருக்கு மனமார்ந்த நன்றி. மற்றவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் படிவத்தைக் கொடுத்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால் பள்ளி அலுவலகத்துக்கு வாருங்கள், பேசிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்