வாசலில் செருகிய வேப்பிலை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் தென்னாப்பிரிக்காவில் நம் டர்பன் பக்கத்து மாரியம்மன் கோவில்களில் ஆடிக் கூழ் ஊற்றுவதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். இரண்டு வருஷமாக நான் அந்தப் பக்கம் போகவில்லை. என் பேத்திக்கு நான்கு வயதில் ரத்தப் புற்றுநோய் வந்தது. கூட்டத்துக்குள் அவளையும் கூட்டிப்போக முடியாது, நான் போய் எதையாவது ஒட்டிக்கொண்டு வந்துவிடவும் கூடாது. உங்கள் கட்டுரை என்னைக் கூழ்ப்பானை பக்கத்திலேயே கொண்டுபோய் நிறுத்தியது. மாரியம்மன் என்றதும் எனக்கு அம்மை ஞாபகம் வந்தது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

பேத்திக்கு வந்தது பிள்ளைகளிடம் அதிகம் காணப்படும் லிம்போபிளாஸ்டிக் லுக்கேமியா. வசதியான நாடுகளில் 100 பிள்ளைகளில் 90 பேர் வரை பிழைக்கிறார்கள் என்று டாக்டர் முதல் நாளே சொன்னார். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் இன்கோசி ஆல்பர்ட் லுதுலி ஆஸ்பத்திரிக்கு நடந்தோம். முடி கொட்டி, வாயெல்லாம் புண்ணாகி, ஒருவழியாகத் தலையில் மறுபடி பூனைமுடி வந்ததும் பார்த்தவர்களெல்லாம் "அப்பாடா, சரியாப் போச்சு" என்றார்கள். சரியாகிவிடவில்லை. மொத்த வைத்தியம் இரண்டிலிருந்து இரண்டரை வருஷம். அதில் நீளமான பகுதி அப்போதுதான் தொடங்கியது. தினமும் ராத்திரி ஒரு மாத்திரை, வாரத்தில் ஒருநாள் இன்னொன்று, மாதத்தில் ஐந்து நாள் ஸ்டீராய்டு. அந்த ஐந்து நாளும் ராத்திரி 2 மணிக்கு எழுந்து உட்கார்ந்து "ஆயா, பீன்ஸ் கறி" என்பாள். அடுப்பைப் பற்றவைத்துச் சுடவைத்துக் கொடுப்பேன். ரொட்டியைத் தோய்த்துத் தோய்த்துத் தட்டை வழித்துவிட்டுத்தான் படுப்பாள். மாத்திரை போட்டதும் காலண்டர் தாளில் அவளே பென்சிலால் ஒரு புள்ளி வைப்பாள். புள்ளியில்லாத தாளை என்னைக் கிழிக்க விடமாட்டாள்.

நரம்பில் ஏற்றும் வின்கிரிஸ்டின் மருந்து நம் வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து எடுப்பது. மடகாஸ்கரில் பிறந்த செடி. சுடுகாட்டு மல்லி என்று என் அம்மா அதை வீட்டுப் பக்கமே சேர்க்கமாட்டார். நான் இப்போது தொட்டியில் வைத்துத் தண்ணீர் ஊற்றுகிறேன். (அதன் இலையை அவித்துக் கொடுக்கச் சொல்லி யாரும் வரவேண்டாம். செடி விஷம், அளந்து மருந்தாக்குவது வீட்டில் நடக்கிற காரியமல்ல.)

இந்த மருந்துகள் நோயோடு சேர்த்து உடம்பின் எதிர்ப்புச் சக்தியையும் அடக்கிவைக்கின்றன. பிள்ளை ஓடுவாள், ஆடுவாள், பள்ளிக்கும் போவாள். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. போன வருஷம் அவள் வகுப்பில் ஒரு பையனுக்குச் சின்னம்மை கண்டது. அந்த வீட்டார் வாயைத் திறக்கவில்லை. பேத்தியைக் குளிப்பாட்டும்போது வயிற்றில் நீர்கோத்த ஒரு கொப்புளத்தைப் பார்த்த பிறகுதான் எங்களுக்கு விஷயமே தெரிந்தது. இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குச் சின்னம்மை நுரையீரல், ஈரல், மூளை வரை போகக்கூடும். ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் நரம்பு வழியாக மருந்து ஏறியது. அத்தனை நாளும் புற்றுக்கான மாத்திரையை நிறுத்திவைத்தார்கள். காலண்டரில் புள்ளி இல்லை. பையனுக்கு வந்த அன்றே தெரிந்திருந்தால், முதல் சில நாட்களுக்குள் போடுகிற தற்காப்பு ஊசி ஒன்று இருக்கிறது, அதைப் போட்டிருப்பார்கள்.

எனக்குக் கோபம் இன்னும் முழுசாக ஆறவில்லை. ஆனால் அவர்கள் வேண்டுமென்று செய்யவில்லை என்பதும் தெரியும். "அம்மா வந்திருக்கிறாள், வெளியே பேசக்கூடாது" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். என் அம்மா மவுன்ட் எட்ஜ்கம் கரும்புத் தோட்டத்தில் வளர்ந்தவர். அங்கே அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை தொங்கும். வேம்பு கிடைக்காவிட்டால், வேம்பு மாதிரியே இருக்கும் சிரிங்கா மரத்தின் இலை. இலையைப் பார்த்ததும் பிள்ளைத்தாய்ச்சி திரும்பிப் போய்விடுவாள். தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை அந்த வீட்டுப் பிள்ளையும் தெருவில் இறங்காது. யாரும் வாய்திறந்து சொல்ல வேண்டியிருக்கவில்லை, இலையே தெருவுக்குச் சொல்லிவிடும். இன்று எங்கள் சாட்ஸ்வொர்த்தில் எத்தனை வாசலில் இலை தொங்குகிறது? பேசக்கூடாது என்பதை வைத்துக்கொண்டு இலையை விட்டுவிட்டோம்.

கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பிருந்தே சின்னம்மை ஒட்டும். எல்லாம் காய்ந்து பக்கு கட்டும்வரை ஒட்டும். இந்த நாட்டு அரசின் இலவச ஊசி அட்டவணையில் சின்னம்மை இல்லை, காசு கொடுத்துத்தான் போடவேண்டும். பேத்திக்கு வைத்தியம் நடக்கும்போது இந்தத் தடுப்பூசி போடக்கூடாது. முன்னே சொன்ன தற்காப்பு ஊசி வேறு, இது வலுக்குறைத்த உயிருள்ள கிருமியால் ஆனது. அதனால் முடிந்தவர்கள் உங்கள் பிள்ளைகளுக்குப் போட்டுவிடுங்கள். தட்டம்மை ஊசி 6 மாதத்திலும் 12 மாதத்திலும் இலவசமாகவே கிடைக்கிறது, தவறவிடாதீர்கள்.

உங்கள் பிள்ளைக்கு அம்மை கண்டால் அன்றைக்கே வகுப்பு வாட்ஸ்அப்பில் ஒரு வரி போடுங்கள். பிள்ளை பெயர்கூட வேண்டாம். ராத்திரி எத்தனை மணியானாலும் பரவாயில்லை, எங்கள் வீட்டில் விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்